காப்புக்கு முன்னே போகவேண்டியவள்

ஆடி மாதத்தில் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஊரில் இருப்பவர்கள் வெளியே போய் இரவு தங்கக் கூடாது. வெளியூரார் ஊருக்குள் இரவு தங்கக் கூடாது. கூழ் வார்த்துக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் இந்தக் கட்டு. காப்புக் கட்டுகிற நேரத்தில் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுக் கூழும் கொப்பரையில் சேரும். ஆகையால் வேண்டாதவர்கள் யாராவது வந்து தங்கியிருந்தால் காப்புக்கு முன்னாலேயே மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. என் வீட்டுக் கதவை நான் சாத்துவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

நான் சொல்வது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே நடுங்கிக் கிடந்த வருஷத்து ஆடி. எங்கள் ஊர் ஆவடிக்கு அந்தப் பக்கம், வெள்ளானூரை ஒட்டினாற்போல. எனக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்து, மாமியார் காலம் முடிந்து, வீட்டுச் சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கண்ணால் பார்த்ததை நான் மறந்ததில்லை.

அந்த வருஷம் கண்ட கண்ட ஜனமெல்லாம் எங்கள் பக்கம் வந்தது. ஆவடியில் பட்டாளத்துக்கென்று நிலத்தை வளைத்துக் கம்பி போட்டார்கள். மாடு மேய்ந்த இடத்தில் லாரி நின்றது. நாம் பேசுவது அவனுக்குப் புரியாது, அவன் பேசுவது நமக்குப் புரியாது, அப்படிப்பட்ட ஆட்கள் தெருவோடு போனார்கள். குண்டுக்குப் பயந்த மதராஸ்காரர்கள் வண்டியில் சட்டிபானை ஏற்றிக்கொண்டு அம்பத்தூர், பூந்தமல்லி என்று வீடு தேடி அலைந்தார்கள். அவர்களுடைய குடம் எங்கள் கிணற்றில் இறங்கினால், நாங்கள் எங்கள் குடத்தை இன்னொரு தரம் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீர் எடுப்போம். முன்பெல்லாம் ஒரு கோழி காணாமற்போனால் கீரிப்பிள்ளையைத் திட்டுவோம். அந்த வருஷத்திலிருந்து வந்தவர்களைத் திட்டினோம்.

அப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் வந்து சேர்ந்தான். சின்ன வயதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவன். அப்பனும் ஆத்தாளும் செத்ததற்குக்கூட வரவில்லை. சண்டை ரங்கூனுக்கு வந்ததும் காடு மலையெல்லாம் நடந்து, எலும்பும் தோலுமாக வந்து நின்றான். அவன் மட்டும் வந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. கூடவே ஒரு பர்மாக்காரியும், இடுப்பில் ஒரு பெண்குழந்தையும் வந்தார்கள். பெண்சாதி என்றான்.

அவர்களுடைய வீடு எப்போதோ இடிந்து விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போட்டுவைக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அதில் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. அவன் அப்பன் பங்கு நிலத்தில் நாங்கள்தான் பயிர் வைத்துக்கொண்டிருந்தோம், அதனால் அவராலும் இல்லை என்று சொல்ல முடியாது. நான் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்து பார்த்தால் கொட்டகை நன்றாகத் தெரியும்.

அவள் கைலி கட்டினாள், ஆம்பளை மாதிரி. தலைமுடியை உச்சியில் சுருட்டிக் கொண்டை போட்டாள். எது கேட்டாலும் சிரிப்பாள், பேசமாட்டாள். தமிழ் தெரியாது என்றான் அவன். ஏரியில் பிடித்த பொடிமீனை உப்புப் போட்டு இடித்துப் பானையில் மூடி வைத்தாள். அந்த நாற்றம் தெருமுனை வரைக்கும் போனது. நாமும் கருவாடு தின்கிறவர்கள்தானே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கருவாட்டு வாசனை வேறு, அது வேறு. இதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஊரில் பேச்சு இன்னும் மோசம். அவள் மூஞ்சி ஜப்பான்காரன் மூஞ்சி என்றார்கள். கொட்டகைக் கூரைமேல் சிவப்புக் கைலியை உலர்த்தியதைப் பார்த்துவிட்டு, ஏரோப்ளேனுக்கு அடையாளம் காட்டுகிறாள் என்று பெரியதனக்காரர் பெண்சாதி சொன்னாள். பெரியதனக்காரர் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர். அவர் பெண்சாதி அவருக்கும் தலைவர். ஏரோப்ளேனில் போகிறவனுக்கு எங்கள் ஊர்க் கைலி எதற்கு என்று நான் யோசித்தேன். இருந்தாலும் மறுநாள் அதை நானே கழியால் இழுத்துக் கீழே போட்டேன்.

ஆடி பிறந்ததும் பெரியதனக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பையன் நம்ம பையன், அவன் இருக்கட்டும். அந்தப் பொம்பளையும் கொயந்தையும் வேற ரத்தம். காப்புக்கு முன்ன பூந்தமல்லியிலயோ எங்கியோ கொண்டும்போயி உட்டுட்டு வரச் சொல்லு.”

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரி என்றார். நானும் சரியென்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் பட்டாளத்து வேலியில் கல் சுமந்துவிட்டு வந்த கொழுந்தன்காரன், கால்கூட அலம்பாமல் என் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

“அண்ணி, அவள எங்க கொண்டும்போயி உடுவேன்? எம் மூஞ்சியத் தவிர இந்தச் சீமையில வேற மூஞ்சி தெரியாது அவளுக்கு. நானும் போனா கூலி பூடும். கூலி பூட்டா மூணு பேரும் நடுரோட்டுலதான்.”

அவன் கேட்டதும் நியாயம், ஊர் சொன்னதும் நியாயம். சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன், அதை வடித்து முடித்தேன். அவன் போய்விட்டான். காப்பு நாளன்று காலையில் வண்டி கட்டுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின நாள் விடிந்ததும் நான் சாணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கொட்டகை வாசலில் பாய் போட்டு அந்தக் குழந்தையைப் படுக்க வைத்திருந்தாள். இரண்டு நாளாக அதற்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண் மூடிக் கிடந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கின்மேலும் வெளுத்த மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சாணிக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அம்மை. எங்கள் பக்கத்தில் அதை நோவு என்று சொல்லமாட்டோம், அம்மா வந்திருக்கிறாள் என்போம். முத்தைப் பார்த்த மாத்திரத்தில் அம்மாவா வெறும் கொப்புளமா என்று சொல்வதற்கு ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்லி ஒருதரமும் தப்பியதில்லை. உடனே வேப்பிலை ஒடித்துவந்து கொட்டகை வாசலில் செருகினேன். அந்தப் பர்மாக்காரி என்னையும் வேப்பிலையையும் பார்த்தாள், சிரித்தாள். பாவம், தோரணம் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல என்று அப்போது எண்ணினேன்.

பெரியதனக்காரர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். பட்டாளத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் ஊசிக்காரன் வந்து எல்லார் கையிலும் அம்மை குத்துவான், ஆகையால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவர் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அம்மா இறங்கிய வீட்டாரை யாரும் கிளப்பக் கூடாது. அம்மாவை வண்டியேற்றி அனுப்பினால், அனுப்பினது யார் என்று அவள் திரும்பிப் பார்ப்பாள். அதுவும் காப்புக் கட்டப்போகிற நேரத்தில்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை சிதறிப் போயிற்று. “போவட்டும்னு இருந்ததும் நீதான். உன் வாயாலயே நிறுத்திகினதும் நீதான்” என்றார்.

மறுநாள் காப்புக் கட்டியாயிற்று. வண்டி கட்டவில்லை.

அம்மா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கூழும் மோரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேறு யாரும் போகமாட்டார்கள் என்பதால் நான்தான் கொண்டுபோனேன். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் வேண்டாமென்று எறிந்த சந்தனக்கல்லைக் கழுவி வைத்துக்கொண்டு, அவள் ஏதோ ஒரு மரக்கட்டையைத் தண்ணீர் விட்டு உரசிக்கொண்டிருந்தாள். அத்தனை காடு மலை நடந்து வந்தபோது சோற்றுப் பானையைக்கூட வழியில் போட்டுவிட்டு வந்தவள், அந்தக் கட்டையை மட்டும் மூட்டையில் வைத்திருந்திருக்கிறாள். உரசியதை இரண்டு விரலால் வழித்துக் குழந்தையின் கன்னத்தில் பூசினாள். குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புடவையில் புதைத்தது. எடுத்துப் பார்த்தால் புடவையில் இரண்டு வெள்ளைத் திட்டு. சந்தனம் போல ஒரு வாசனை.

நான் கூழை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து புடவையை அலசிப் போட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சும்மா இருந்தேன் என்று பிற்பாடு என் மருமகள்கள் சொல்லிக்கொண்டார்கள். இரக்கமெல்லாம் இல்லை. முத்து எது பூச்சு எது என்று எனக்குத் தெரியவில்லை என்று ஊர் சிரிப்பதற்கு நான் ஆளில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. அம்மா இறங்கிப் போனால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் குழந்தை தலையில் ஊற்ற வேண்டும். ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். ஊற்றியது நான்தான். பெரியதனக்காரர் பெண்சாதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். முதல் செம்பிலேயே திட்டெல்லாம் கரைந்து, தேய்த்து வைத்த செம்பு மாதிரி முகம் பளிச்சென்று வந்தது.

“ஒரு வடு கூட இல்லியேடி” என்றாள் அவள்.

“ஊருக்குப் புச்சா வந்த கொயந்த மேல வடு வெப்பாளா அம்மா? அவ என்ன நம்மள மாதிரியா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி முடித்தேன்.

கூழ் வார்க்கிற அன்றைக்குப் பர்மாக்காரியும் ஒரு சட்டியில் கூழ் கொண்டுவந்து கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றாள். கைலி இல்லை, என் பழைய புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள். கொசுவம் கோணலாக இருந்தது. பூசாரி பெரியதனக்காரரைப் பார்த்தான். அவர் ஆலமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காப்புக்குள் இருந்தவளை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழியில்லை. பூசாரி சட்டியை வாங்கிக் கொப்பரையில் ஊற்றினான். அப்புறம் ஒருத்தரும் கிண்ணத்தை நீட்டவில்லை. நான் போய் முதல் கிண்ணம் வாங்கினேன். மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். நாற்றம் ஒன்றும் இல்லை. உப்பு மட்டும் கொஞ்சம் கூட.

காப்பு அவிழ்த்த மறுநாள் கிணற்றடியில் எல்லாரும் இருந்தோம். அவள் குடத்தோடு வந்தாள். குழந்தையின் கன்னத்தில் மட்டுமல்ல, தன் கன்னத்திலும் வட்ட வட்டமாகப் பூசிக்கொண்டு வந்தாள். நாம் மஞ்சள் பூசுவது மாதிரி அவர்கள் ஊர்ப் பெண்களுக்கு அது தினப்படி முகப்பூச்சாம். எனக்குக் குடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. பெரியதனக்காரர் பெண்சாதி கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடி, உங்கூட்டுக் கொட்டாயில அம்மா இன்னும் எறங்கலியா?”

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பர்மாக்காரி சொன்னாள்.

“எறங்கிட்டா பெரிம்மா. போவத்தான் மனசு வரல, இங்கியே கீறா.”

சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு. சிரித்தவர்கள் சிரித்தார்கள். பெரியதனக்காரர் பெண்சாதியே சிரித்துவிட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். நான் சிரிக்கவில்லை.

அவர்கள் அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. இடிந்த வீட்டைக் கட்டிக்கொண்டார்கள், நிலத்தில் பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் கொடுத்தோம். ஊர்க்காரன் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்.

ஆனால் அன்று கிணற்றடியிலிருந்து வந்தது முதல் எனக்கு ஒரு யோசனை. ரங்கூனில் கடைத்தெரு முழுக்கத் தமிழ்க்காரர்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். தமிழ்க்காரனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும்? பெரியதனக்காரர் எங்கள் வாசலில் நின்று பேசியதும், அவன் என் ஜன்னலில் நின்று பேசியதும் கொட்டகைக்குக் கேட்கும். கல்லைக் கழுவி வைத்திருந்தவள் அதற்கு முன்பும் பூசியிருப்பாள். லேசாக, கண்ணில் படாதபடி. நான் சாணி எடுக்க வருகிற நேரம் பார்த்து, வாசலில் பாய் போட்டு, அத்தனை திக்காக ஏன் பூச வேண்டும்? நான் வேப்பிலை செருகும்போது ஏன் சிரிக்க வேண்டும்?

கேட்டுவிட வேண்டும் என்று பலதரம் அவள் வீட்டுப் பக்கம் போயிருக்கிறேன். அக்கா, உட்காரு என்பாள். வெற்றிலை மடித்துக் கொடுப்பாள். வாங்கிப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவேன்.