பாட்டிலில் கலந்த தண்ணீர்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. எது முன்னால், எது பின்னால் என்று சில இடத்தில் குழம்பும்.

எண்பதுகளில் நடந்தது இது. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வடியப் பால்மரப் பட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனிக் குளிரில் வெட்டுகிறவர்தானே, சரியாகிவிடும் என்று இருந்தோம். சோறு இறங்காமல் போன பிறகுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் ஈப்போவுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

டாக்டர் சின்ன வயசு, நம் தமிழ்ப் பிள்ளை. கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"ஐயா, இந்த மருந்துக்குள்ள பிளாட்டினம்னு ஒரு உலோகம் இருக்கு. அது உடம்புல எப்படிப் பரவுது, எவ்வளவு உள்ள தங்குது, எவ்வளவு வெளிய வருதுன்னு அளக்கப் போறோம். அடிக்கடி ரத்தம் எடுப்போம். மூத்திரத்த ஒரு சொட்டு விடாம பாட்டில்ல பிடிச்சு வைக்கணும்."

ரத்தத்தையும் மூத்திரத்தையும் ஐஸ் போட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்புவார்களாம். அங்கே ஒரு மெஷின் அதைச் சுட்டுப் பார்த்து, உலோகம் எவ்வளவு என்று சொல்லுமாம்.

"உலோகம்னா விலை ஆகுமா டாக்டர்?" என்று கேட்டார் இவர், கரகரத்த குரலில்.

"தங்கம் மாதிரி ஐயா."

"அப்ப என்னப் புதைச்ச எடத்துல ஈயம் அலசுற பொம்பளைங்க எல்லாம் துலாங் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க லா!"

டாக்டர் சிரித்துவிட்டார். புதைக்கிற பேச்சு வேண்டாம் என்று நான் அவர் கையைத் தட்டினேன்.

முதலில் கை நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். அப்புறம் மருந்து. அன்று முழுக்க வாந்தி. நடுநடுவே மிஸ்ஸி (நர்ஸை அப்படித்தான் சொல்வோம்) வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். அவள் மலாய்க்காரப் பெண், நல்ல மாதிரி. பாட்டிலில் இருந்த ஒரு கோட்டைக் காட்டி, மூத்திரம் இதுவரைக்குமாவது வரவேண்டும், வராவிட்டால் கிட்னி மருந்தைத் தாங்கவில்லை என்று அர்த்தம், அடுத்த மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். நான் பயந்துபோய் அவரைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பால் குறைந்த நாளில் சிலர் வாளியில் கொஞ்சம் ஓடைத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி, பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுக் கண்டுபிடித்துவிடுவார். எல்லார் முன்னாலும் ஏச்சு விழும். அப்படியும் விடமாட்டார்கள்.

மறுநாள் காலையில் கீழே போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, குடிக்கிற தண்ணீர் ஜக்கை அந்தப் பாட்டிலில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணுறீங்க?"

"சத்தம் போடாதடி. கோடு வரைக்கும் வரல."

"அது என்ன ரப்பர் பாலா, தண்ணி ஊத்துறதுக்கு?"

"கிராணியாச்சும் அன்னிக்குச் சம்பளத்ததான் வெட்டுவான். இவங்க மருந்தையே வெட்டிருவாங்க. நீ வாயத் தொறந்தா நான் செத்தேன்னு வச்சிக்க."

சொன்னால் மருந்து நின்றுபோகும். சொல்லாவிட்டால், தாங்காத உடம்பில் இன்னும் ஏற்றுவார்கள். நான் டாக்டர்மாரிடம் பேசியே பழக்கமில்லாதவள். அவர் பேசுவார், நான் பின்னால் நிற்பேன், அவ்வளவுதான். கோப்பி ஆறிப்போச்சு. போர்வையைச் சரிசெய்கிறபோது அவர் காலைத் தொட்டேன். வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

நடைவழியில் டாக்டர் வருவது தெரிந்தது. எழுந்து போய் முன்னால் நின்றுவிட்டேன். தலையைத் தூக்கவில்லை.

"டாக்டர், அந்தப் பாட்டில்ல இருக்கிறது எல்லாம் அவரோடது இல்ல. தண்ணி கலந்திருக்கு. ஏசாதீங்க டாக்டர். மருந்து நின்னுரும்னு பயந்துட்டாரு."

டாக்டர் ஏசவில்லை. முகம்தான் மாறிப்போனது. "தண்ணி கலந்தாலும் பாட்டில்ல இருக்கிற உலோகம் கூடாது, குறையாதும்மா, அத மெஷின்ல பார்த்துக்கலாம். ஆனா மூத்திரம் எவ்வளவு வந்துச்சுன்னு சரியாத் தெரியலன்னா கிட்னி படுத்துக்கிறது எனக்குத் தெரியாம போயிரும். நல்ல வேளை சொன்னீங்க" என்று வேகமாக உள்ளே போனார்.

மூத்திரக் குழாய் போட்டார்கள். மூத்திரம் இறங்க ஊசி போட்டார்கள். நான் பக்கத்தில் போனதும், "வாங்க டாக்டரம்மா" என்றார் இவர். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதாவே, ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு. சாயங்காலத்துக்கு மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கோலாலம்பூரிலிருந்து கணக்கு வந்த பிறகு டாக்டர் சொன்னார். மருந்தில் பாதிகூட வெளியே வரவில்லையாம். எல்லாருக்கும் உள்ளே தங்கும், இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டதாம், கிட்னியிலும் கல்லீரலிலும் ஒதுங்கியிருக்குமாம். அதனால் அடுத்த மருந்தைத் தள்ளிப் போட்டார்கள். குறைத்தும் போட்டார்கள்.

"கொறைச்சுட்டாங்கல்ல. இப்ப உனக்குச் சந்தோசமா?" என்றார் இவர்.

நான் கஞ்சியை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கட்டி சுருங்கியது. முழுசாகப் போகவில்லை. அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார், கஞ்சி குடித்தார், என்னோடு சண்டை போட்டார். கிட்னி கெடவில்லை. கடைசியில் அதே கட்டிதான் திரும்ப வந்தது. முழு மருந்து போட்டிருந்தால் வந்திருக்காதோ என்று இன்றைக்கும் சில நாள் கை வேலையை நிறுத்திவிட்டு யோசிப்பேன்.

மருந்து படித்த யாராவது இதைப் படித்தால் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். கிட்னி, கல்லீரல் என்று நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். அந்த உடம்புக்கு மருந்தைக் குறைத்தது சரிதானா என்றும் பாருங்கள்.