இருபத்தெட்டு இடது முழங்கால்கள்

வாளியின் கம்பிப் பிடி உள்ளங்கையில் பதித்துவிட்டுப் போகும் சிவப்புக் கோட்டை, ஏழாம் வகுப்பு படித்த அந்த ஆண்டு முழுக்கப் பதக்கம் வாங்கியவளைப் போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அரசுப் பள்ளியின் பின்புறம் அறிவியல் எடுத்த கோமதி டீச்சர் வெண்டைக்காய்ப் பாத்தி போட்டிருந்தார். வேர், தண்டு, இலை என்று படத்தில் பார்ப்பதைவிடச் செடியில் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மதியச் சாப்பாடு முடிந்ததும் அடிகுழாயில் தண்ணீர் பிடித்து யார் முதலில் பாத்திக்குக் கொண்டுபோவது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

பள்ளிச் சுவரை ஒட்டி அப்போதுதான் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியிருந்தது. அதன் நான்காவது மாடியிலிருந்து பார்த்த ஒருவர், பிள்ளைகள் வெயிலில் வாளி சுமப்பதைப் போட்டோ எடுத்து, ‘மாணவர்களை வேலை வாங்குகிறார்கள்’ என்று கல்வி அலுவலகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார். அவரை இன்றும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து வாளிதான் தெரியும், எங்கள் ஆசை தெரியாது.

விசாரணை என்றதும் எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாங்கள் சொல்வது சரியில்லையென்றால் டீச்சரை ‘சஸ்பெண்ட்’ செய்துவிடுவார்கள். திருமழிசையில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா முதல் நாளே சொல்லி அனுப்பினார்: “இன்னா நடந்துச்சோ அத்த அப்டியே எழுதிட்டு வா கண்ணு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் உடாத.”

விசாரணை அதிகாரி வந்தார். டீச்சரைத் தள்ளியிருந்த ஓர் அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, “நடந்ததை அவங்கவங்க சொந்த வார்த்தையில எழுதணும்” என்றார். பிறகு தலைமையாசிரியை அறைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் செய்த பெரிய தப்பு அதுதான். எங்கள் வகுப்பில் ‘லீவ் லெட்டர்’ உட்பட எந்தக் கடிதமானாலும் என்னைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. பக்கத்தில் இருந்த பவானி என் தாளை இழுத்தாள். “காட்டுடீ, எதுனா தப்பா எழுதிட்டா டீச்சர் மாட்டிக்கினு பூடும்!” தாள் பெஞ்சு பெஞ்சாகப் பயணம் போய்த் திரும்பி வந்தது.

அதிகாரி வந்து படிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது தாளில் புருவம் சுருங்கியது. பத்தாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

“‘போன வாரம் வாளியோடு வழுக்கி விழுந்ததில் என் இடது முழங்காலில் காயம். டீச்சர் மஞ்சள் வைத்தார்.’ இந்த கிளாஸ்ல எல்லாருமா விழுந்தீங்க?”

பவானி தன் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“டீச்சர் சொல்லிக் குடுத்து எழுதினீங்களா?”

டீச்சரைக் காப்பாற்ற எழுதியதே டீச்சருக்கு வினையாகப் போகிறதே! அதிகாரி எங்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி இடது முழங்காலைக் காட்டச் சொன்னார். பாவாடைகள் ஏறின, பேண்ட்டுகள் சுருண்டன. தினேஷ் பதற்றத்தில் வலது காலைக் காட்டினான். இருபத்தெட்டில் ஒரே ஒரு முழங்காலில்தான் மஞ்சள் பூசிய காயம் இருந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

“நான்தான் சார் எழுதுனேன். அவங்க என்னப் பாத்து எழுதுனாங்க. டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

அவர் என் காயத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கூடவே வந்து நின்ற தலைமையாசிரியை பக்கம் திரும்பி, “சொல்லிக் குடுக்கிற டீச்சர், பிள்ளைக்கு அடிபட்டதையா எழுதச் சொல்லுவாங்க?” என்று கேட்டுவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்தார்.

அடுத்து எங்களை மைதானத்தில் எட்ட எட்ட உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னார். பார்த்தெழுத வழியில்லாமல் எல்லோரும் உண்மையைக் கொட்டிவிட்டார்கள். வாளிக்காக என்னைக் கிள்ளியதைப் பவானி எழுதினாள். பிஞ்சு வெண்டைக்காயைத் திருடித் தின்றதைத் தினேஷ் ஒப்புக்கொண்டான். காய் எங்கே போகிறது என்று கோமதி டீச்சருக்கே அன்றுதான் தெரிந்தது.

புகார் முடித்துவைக்கப்பட்டது. இனி வாளி கூடாது, குழாய் போட்டுத்தான் ஊற்ற வேண்டும், பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுநாளே எல்லோரும் கடிதம் கொடுத்தோம். தினேஷின் அப்பாவும், ‘என் மகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். டீச்சர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தப் பாத்தி இருந்த இடத்தில் கூடுதல் வகுப்பறைகள் நிற்கின்றன. என் மகள் படிக்கும் பள்ளியில் சம்மதக் கடிதமும் கிடையாது; செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சட்டங்கள் வந்தது நல்லதுதான், என் மகள் பிரம்புக்குப் பயப்படாமல் பள்ளிக்குப் போகிறாள். ஆனாலும் என் தாளுக்காக இருபத்தேழு பேர் கை நீட்டிய அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. போன வாரம் அவள் பள்ளியில் ‘தோட்ட நாள்’ கொண்டாடினார்கள். பொத்தானை அழுத்தி அனுப்பினேன். கையில் மண்கூடப் படாமல் திரும்பி வந்தாள். என் இடது முழங்கால் தழும்பைத் தடவி, “இது எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டாள். கதை முழுவதையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டுத் தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தாள்.

“எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லியே” என்றாள்.