எட்டு ஆங்ஸ்ட்ரமும் எங்கள் லயத்துச் சுவரும்

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை உட்கார வைத்த அறையில் ஒட்டுப்பால் வாடை அடித்தது. கரவனெல்லைக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ரப்பர் ஸ்டோருக்கு வெள்ளையடித்து ஆய்வுகூடம் ஆக்கியிருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கலாம், வாடைக்கு என்ன அடிப்பது? ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்த எனக்கு அது பெரிய விஷயமில்லை. மேசையில் இருந்த கொம்பியூட்டரைப் பார்த்துத்தான் பயந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. எங்கள் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் தலைவி நிலந்தி மேடம். அவருக்குக் கீழே இருந்த மொத்தப் பட்டாளமும் நான். மேடத்துக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனால் தங்கை என்ற அர்த்தத்தில் அவர் கூப்பிடும் ‘நங்கி’யையும், ‘சரி’ என்பதற்குச் சொல்லும் ‘ஹரி’யையும் மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

"நங்கி, புரோட்டீன்னா என்ன?" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

பி.எஸ்ஸி. படித்த திமிரில், "அமினோ அமிலங்களை வரிசையா கோத்த சங்கிலி, மேடம்" என்றேன்.

"அது நீட்டிப் படுத்த மாதிரியா இருக்கும்?"

"இல்ல மேடம், மடிஞ்சு சுருண்டு இருக்கும்."

"ஹரி. அப்படி மடிஞ்ச பிறகு, சங்கிலியில எங்கெங்கயோ இருந்த ரெண்டு பேர் பக்கத்துல வந்துடுவாங்க. யார் பக்கத்துல யார்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் உன் வேலை."

சேலையை மடித்து அலுமாரியில் வைத்தால் முந்தானை எங்கோ இருக்கும் உள் தலைப்பை ஒட்டிக்கொள்கிறதல்லவா, அதுதான். சங்கிலியில் கோத்த ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ரெசிடியூ என்போம். ஒவ்வொன்றுக்கும் சங்கிலியின் முதுகெலும்பில் ஆல்ஃபா கார்பன் என்று ஓர் அணு உண்டு. இரண்டு ஆல்ஃபாவுக்கும் இடையே எட்டு ஆங்ஸ்ட்ரம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவை கொன்டாக்ட் என்று எழுதிக்கொள்வோம். ஆங்ஸ்ட்ரம் எவ்வளவு சின்னது என்று கேட்காதீர்கள். நானே நினைத்துப் பார்ப்பதில்லை.

சர்வேயர் வீடு

என் வேலையை அம்மாவுக்கு விளக்கப் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். கடைசியில் அவர் தனக்குப் புரிந்ததை தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சொன்னார்: "கொம்பியூட்டர்ல தூரம் அளக்குறா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாமா வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, நம்ம மரக்கறித் தோட்டத்து எல்லையைக் கொஞ்சம் அளந்து குடும்மா. பக்கத்துத் தோட்டத்தாளு தெனமும் ஒரு அடி உள்ள வர்றாரு."

நான் அளப்பது கண்ணுக்கே தெரியாத தூரம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அதை எதுக்கு அளக்குற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேள்வி நியாயமானதுதான்.

ஒரே ஒரு ஜோடி

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது. ரப்பர் பாலில் உள்ள சில புரதங்களால் கையுறை போடுகிற சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். அந்தப் புரதங்களைத் தின்று தீர்க்க ஒரு நொதியைப் பாலில் கலப்பார்கள். நொதியும் ஒரு புரதம்தான். எங்கள் நொதி நன்றாகத் தின்னும், ஆனால் கொஞ்சம் சூடு பட்டால் மடிப்பு அவிழ்ந்து செத்துப்போகும்.

மேடத்தின் திட்டம் இதுதான். நொதிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரெசிடியூக்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் சிஸ்டீனாக மாற்றுவது. சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு கந்தகமும் கை கோத்துக்கொண்டால் சூட்டிலும் மடிப்பு அவிழாது.

மாற்றிய நொதியைச் செய்யும் வசதி எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் இருந்த மேடத்தின் பழைய வகுப்புத் தோழர் நட்புக்காக ஒன்றே ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். அதாவது ஒரு ஜோடி. தலைமை அலுவலகமோ, இதில் பலன் இல்லாவிட்டால் பிரிவை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டது. மேடத்தைக் கொழும்புக்கு மாற்றுவார்கள். என்னை எங்கும் மாற்ற மாட்டார்கள், வீட்டுக்குத்தான்.

என் பட்டியலில் மிகவும் நெருங்கி நின்ற ஜோடி இருபத்து நான்காவதும் தொண்ணூற்றொன்றாவதும். எட்டு ஆங்ஸ்ட்ரம் என்ன, ஐந்தைக் கொஞ்சம் தாண்டிய தூரம்தான். நொதியின் ஸ்ட்ரக்சரை, அதாவது அதன் முப்பரிமாணப் படத்தை, திரையில் திருப்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் திருப்பினாலே எங்கள் கொம்பியூட்டர் மூச்சை நிறுத்திவிடும். அதனால் எண்களையே நம்பினோம்.

"ஹரி நங்கி, இதுதான். நீ தீபாவளிக்குப் போயிட்டு வா. நான் மெயில் அனுப்பிடுறேன்" என்றார் மேடம்.

முறுக்குக் கிண்ணம்

எங்கள் லயம் இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய, காம்பரா என்னும் ஒற்றை அறை வீடுகள். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா வீடு. அவர் கடுகு தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். முன்னால் தண்ணீர் ஓடும் குறுகிய கான், கானுக்கு அந்தப் பக்கம் அடுத்த லயம். அதில் எங்களுக்கு நேர் எதிரே புஷ்பம் அக்கா.

தீபாவளியன்று கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. அம்மா முறுக்குக் கிண்ணத்தை என் கையில் திணித்தார். "சரோஜாவுக்குக் குடுத்துட்டு வா. சூடா இருக்கும்போதே போ."

குடை பிடித்துக்கொண்டு லயத்தின் கோடி வரை நடந்து, திரும்பி, அந்தப் பக்கமாக அதே தூரம் நடந்து போய்க் கொடுத்தேன். முறுக்கு நமுத்துவிட்டது, என் பாவாடையும் நனைந்துவிட்டது. திரும்பி வந்தபோது புஷ்பம் அக்கா தன் வீட்டு முன் தாழ்வாரமான இஸ்தோப்பிலிருந்து, "எங்களுக்கெல்லாம் இல்லையா?" என்றார். அம்மா எங்கள் இஸ்தோப்பு ஓரத்தில் நின்று இன்னொரு கிண்ணத்தை நீட்டினார். புஷ்பம் அக்கா அங்கிருந்து கையை நீட்டினார். கானுக்கு மேலே கிண்ணம் கை மாறியது. இரண்டு பேர் தலையிலும் ஒரு சொட்டு விழவில்லை.

நான் ஈரப் பாவாடையோடு அப்படியே நின்றேன்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"அம்மா, நமக்குக் கிட்ட இருக்கிறது சரோஜா அக்காவா, புஷ்பம் அக்காவா?"

"அளந்து பாத்தா சரோஜா. அவசரத்துக்கு உப்பு வாங்கணும்னா புஷ்பம். இத எல்லாமா கேப்பாங்க?"

எனக்கு அன்றைக்குத் தீபாவளி முடிந்துவிட்டது. ஆல்ஃபா கார்பன் இருப்பது முதுகெலும்பில். ரெசிடியூவின் கை அதிலிருந்து ஒரு பக்கமாக நீண்டிருக்கும். நாங்கள் முதுகுக்கும் முதுகுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கை கோக்கச் சொல்லப் பார்த்தோம். மெயில் போயிருந்தால் என்ன செய்வது? மழை விட்டதும் எல்லோரும் பட்டாசு கொளுத்த, நான் லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

மெயில்

லீவு முடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே போய், குடையைக்கூட மடக்காமல் மேடம் முன்னால் நின்றேன்.

"மேடம், மெயில் அனுப்பிட்டீங்களா?"

"எங்க அனுப்புறது? மழைக்கு டெலிபோன் லைன் செத்துப்போச்சு. எழுதி வச்சிருக்கேன்."

அந்த மழையைக் கும்பிடலாம் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மேடம் உடனே ஸ்ட்ரக்சரைத் திறந்தார். கொம்பியூட்டர் இரண்டு தடவை நின்றது, மூன்றாம் தடவை மனமிரங்கியது. மெல்ல மெல்லத் திருப்பினோம். இருபத்து நான்கு ஒரு பக்கமும் தொண்ணூற்றொன்று மறுபக்கமும் பார்த்துக்கொண்டு, முதுகோடு முதுகாக நின்றன.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே. இவங்களுக்குப் போய்க் கல்யாணம் பேசினோமே நங்கி."

அன்றே கையின் முதல் அணுவான பீட்டா கார்பனை வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். புரோகிராம் கிளைசீனில் போய்த் தடுக்கி நின்றது. கிளைசீனுக்குக் கையே கிடையாது, பாவம். அதைத் தாண்டிப் போகச் சொன்னேன். பட்டியலில் எங்கோ கீழே கிடந்த ஒரு ஜோடி மேலே வந்தது. முதுகுகளுக்கு நடுவே தூரம் கொஞ்சம் கூட, ஆனால் கைகள் நேருக்கு நேர். நான் அதற்குப் புஷ்பம் ஜோடி என்று பெயர் வைத்தேன். லைன் வந்ததும் மெயில் போனது.

பால் தட்டு

சில மாதம் கழித்துச் சின்னக் குப்பியில் புது நொதி வந்து சேர்ந்தது. பழையதையும் புதியதையும் ஒரே சூட்டில் வைத்து எடுத்தோம். பால்மா கலந்து உறைய வைத்த ஒரு தட்டில் இரண்டு குழி. இடப்பக்கம் பழையது ஒரு சொட்டு, வலப்பக்கம் புதியது ஒரு சொட்டு. உயிரோடு இருக்கும் நொதி பாலைத் தின்று, குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விடும். தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்று அம்மா வைத்த மீன் குழம்பு ருசித்ததா என்று கேட்டால் தெரியாது.

காலையில் போனபோது மேடம் மூடிய பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா மேடம்?"

"நீ வராம எப்படிப் பாக்கிறது? இது ரெண்டாவது டீ. சீக்கிரம் திற."

இடப்பக்கம் பால் பாலாகவே இருந்தது. வலப்பக்கம் கண்ணாடி வளையல் மாதிரி ஒரு வட்டம். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார், நானும் குதித்தேன். என்னவோ ஏதோ என்று காவல்காரர் ஓடி வந்தார். அவருக்குத் தட்டைக் காட்டினோம். தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்து, துடைக்கத் துணி தேடினார். அந்த அளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு என் மகள் பிறந்த அன்றுதான் வந்தது.

பிரிவை மூடவில்லை. நான் இன்றைக்கும் அங்கேதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கொன்டாக்ட் பட்டியலோடு வரும்போதெல்லாம், "தூரம் சரி, முகம் எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பேன். இத்தனை வருட வேலையில் நான் கற்றதும் அதுதான்: கிட்ட இருப்பவர்கள் எல்லாம் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் அல்ல.

வளையம் வந்த அன்று மாலை அம்மா பாயசம் வைத்தார். இஸ்தோப்பு ஓரத்தில் நின்று, கானுக்கு மேலே கிண்ணத்தை நீட்டிக்கொண்டே புஷ்பம் அக்காவிடம் சொன்னார்: "எம்மக சேத்து வச்ச சோடி சூட்டுலயும் பிரியலயாம்."

புஷ்பம் அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நம்ம பயலுக்கும் ஒண்ண அளந்து பாத்துச் சொல்லும்மா."