கரண்டா, வெளிச்சமா?

இது 1930களின் நடுவில் கோலாலம்பூரில் நடந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நான் டிரஸ்ஸராக, அதாவது டாக்டருக்கு உதவியாளாக, இருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பத்தோடு. எலும்பு முறிவைப் படம் பிடிக்கிற எங்கள் பிரிவில், புற்றுநோய்க்காரர்களுக்கு எக்ஸ்ரே கதிரை வைத்தே வைத்தியம் செய்வதும் அப்போது ஆரம்பித்திருந்தது. வெற்றிலையும் புகையிலையும் வருஷக்கணக்கில் அடக்கி, வாயில் ஆறாத புண்ணோடு வரும் ரப்பர் தோட்டத்து ஜனங்கள்தான் அதிகம். வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் வராது. அவர் சொல்வதை நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. அந்த அறையில் எனக்கு இருந்த மரியாதையே அதனால் வந்ததுதான்.

அந்த வைத்தியத்தை நான் 'கரண்டு வைக்கிறது' என்பேன். மெஷின் கரண்டில் ஓடுகிறது, வேறு என்னவென்று சொல்வது? நான்கு வருஷமாக அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்போதுதான் கிள்ளானைச் சேர்ந்த ஒரு மிஸ்ஸி எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தாள். நர்ஸுகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வயது இருபத்திநான்கு இருக்கலாம். வந்த மாதமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் கரண்டு என்கிறேன், வார்டில் ஒருத்தி சூடு வைக்கிறது என்கிறாள், மலாய்க்கார உதவியாள் நெருப்பு என்கிறான். நோயாளியின் அட்டையிலும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரிவதில்லை. இதை நேராகப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

நீயே ஒரு பட்டியல் எழுதிக் கொண்டு வா என்றார் அவர். அவள் ஒரு வாரம் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளிடமே கேட்டாள். எந்தச் சொல் புரிகிறது, எது பயமாக இருக்கிறது என்று. பிறகு பன்னிரண்டு சொற்களை ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொண்டு வந்தாள். கதிர் வைப்பதற்கு ஒரு சொல், ஒரு தடவைக்கு ஒரு சொல், அதன் பிறகு தோல் சிவப்பதற்கு ஒரு சொல், இப்படி. டாக்டர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். இனி எல்லோரும் இதைத்தான் சொல்ல வேண்டும், இதைத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

அதில் என் கரண்டு இல்லை. 'வெளிச்சம் காட்டுறது' என்று இருந்தது.

"கரண்டுன்னா பயப்படுறாங்க அண்ணே. ஏதோ தோட்டத்து பேக்டரியில ஒருத்தர் ஷாக் அடிச்சுச் செத்துட்டாராம்" என்று அவள் எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். நான் சிரித்துத் தலையாட்டினேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. நான்கு வருஷம் தொண்டை வற்றக் கத்தியவன் நான். நேற்று வந்தவளுக்குக் கண்ணாடிச் சட்டம்! டாக்டர் எதற்கெடுத்தாலும் அவளையே கேட்க ஆரம்பித்தார். அவளுடைய கையெழுத்து அழகாக இருந்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். டாக்டர் இருக்கும்போது வெளிச்சம் என்பேன். நோயாளியோடு தனியாக இருக்கும்போது கரண்டு என்பேன். யாருக்கும் தெரியாத இந்த வெற்றியில் எனக்கு அவ்வளவு திருப்தி.

அந்தச் சமயத்தில் கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்து வார்டில் சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னத்தின் உள்பக்கம் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் பத்து தடவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில நாள் நான் வைப்பேன், சில நாள் மிஸ்ஸி. ஏழு தடவை முடிந்தது. புண் சுருங்க ஆரம்பித்திருந்தது. ஒரு சனிக்கிழமை, மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த அம்மா ஊருக்குப் போனார். திங்கட்கிழமை திரும்பவில்லை, புதன்கிழமையும் வரவில்லை.

டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. நடுவில் இப்படி விட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண், புண் மறுபடி கிளம்பிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மிஸ்ஸி வாயைத் திறப்பதற்கு முன்பே, நாளைக்கு நான் போய் அழைத்து வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். அந்த அம்மா மேல் இருந்த அக்கறையைவிட, அழைத்து வந்த பெயர் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது.

காலை முதல் ரயிலில் கிள்ளானில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து எட்டிப் பார்த்தால், மிஸ்ஸி உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள்! அன்று அவளுக்கு லீவு நாளாம். கிள்ளானிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிட்டாளாம். இங்கேயும் என்னை முந்திவிட்டாள்!

ஆனால் அந்த அம்மா அவளுக்கும் மசியவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு முனையிலும் முடிச்சுகள்.

"இந்தப் பக்கம் நாலு கரண்டு, நீங்க வச்சது. இந்தப் பக்கம் மூணு வெளிச்சம், மிஸ்ஸி காட்டுனது. ஒண்ணு கேக்கலைன்னுதானே இன்னொண்ண மாத்தி மாத்தி வச்சுப் பாத்தீங்க? ரெண்டும் கேக்கலைன்னா அப்புறம் கத்திதான்னு பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. கன்னத்த அறுக்க நா வரமாட்டேன் சாமி. இங்கயே எம் மக கையில செத்துப் போறேன்."

கண்ணைத் துணியால் மூடித்தான் மெஷினுக்கு அடியில் படுக்க வைப்போம். இரண்டும் ஒரே மெஷின் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மிஸ்ஸி கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பட்டியல் மாட்டி இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கரண்டு என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மிஸ்ஸி புதுசும்மா, அவங்கதான்..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போயிற்று. ஆனால் அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப் போவதை வைத்துத்தான் அவர் பிழைப்பதா சாவதா என்று முடிவு செய்யப் போகிறார். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஏழு தடவையும் வெளிச்சந்தான் காட்டுனோம். நாந்தான் பேர மாத்திச் சொல்லிட்டேன். உங்களுக்கு நல்லா கேக்குது. இன்னும் மூணே மூணு தடவதான், கத்தி கிடையாது."

அவளுடைய சொல்லை டாக்டருக்காக இல்லாமல் நானாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"பேர ஏன் சாமி மாத்துனீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். மிஸ்ஸிதான் எழுந்து, "ரயிலுக்கு நேரமாச்சும்மா, துணிமணிய எடுத்துக்குங்க" என்றாள். அந்த அம்மா ஒரு முனையில் இருந்த நான்கு முடிச்சையும் அவிழ்த்து, மறுமுனையில் வரிசையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தோளைத் தட்டிப் பாராட்டினார். மறுநாள் வேலைக்கு வந்த மிஸ்ஸியிடமும், நான்தான் போய் அழைத்து வந்தேன் என்று சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினாளே தவிர, அன்றும் பிறகும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதற்கும் பொறாமைப்பட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

மீதி மூன்று தடவையும் முடிந்து புண் ஆறியது. ஒரு வருஷம் வரை அந்த அம்மா வந்து காட்டிவிட்டுப் போனார். பிறகு தோட்டம் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும் வரை வெளிச்சம் என்றே சொன்னேன், வெளிச்சம் என்றே எழுதினேன். பொறாமை எரித்தால் என் வயிற்றை மட்டும்தான் எரிக்கும் என்று நினைத்திருந்தேன். என்னை நம்பிக் கண்ணை மூடிப் படுத்திருந்த ஒருத்தியை அது சாவு வரை கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை அந்த முந்தானை முடிச்சுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.