பதினைந்து கிலோவாட்டும் ஒரு கிள்ளுத் திருநீறும்

போன ஞாயிறு பிளாக்டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்து ஒருவர் தோளைத் தட்டினார்.

"அண்ணை, மூண்டு கிழமைக்கு முன்னம் எழுதினியள், காருக்கு போல்ட்-ஆன் பூட்டுற கதை… நல்லாக் குடுத்தியள். மகனுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவன் வாங்க இருந்த சாமானை வேண்டாம் எண்டு விட்டிட்டான்."

பாராட்டு வரும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டும். அடக்கம் என்று அவர் நினைப்பார். இன்னும் இரண்டு வார்த்தை கூடப் போடுவார். போட்டார். வெண்டிக்காயை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஏச்சும் வாங்கினேன்.

அந்தப் பெருமை சரியாகச் செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

இந்தப் பேப்பரில் நான் எழுதிய அந்தப் பத்தியைத் தவறவிட்டவர்களுக்காக — அப்படி யாராவது இருந்தால் — கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

மெரிலேண்ட்ஸில் முப்பது வருடமாகக் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சந்தோஷமாகப் பிரிந்துவிட்டோம். இன்று என் கராஜ் வாசலில் டாக்டர் நிற்கிறார், எஞ்சினியர் நிற்கிறார், இரண்டு பட்டம் பெற்றவர் 'எப்ப அண்ணை முடியும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். கதிரையில் இருப்பவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை… சரி, பெருமைக்குத்தான்.

கார்த்திகேயன் நார்த்மீட்டில் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவரிடம் ஒரு எட்டு சிலிண்டர் கார் இருக்கிறது — இந்த நாட்டில் கார் செய்துகொண்டிருந்த காலத்தில் இங்கேயே செய்தது. கத்தரிக்காய் நிறம். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். அந்தக் கார் அவர் வீட்டுக் கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். அவர் மனைவி சுமதியின் சின்னக் கார் தெருவில் நனையும். சுமதி ஆஸ்பத்திரியில் நுரையீரல் வார்டில் நர்ஸ். விடியும் முன்பே எழுந்து, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் கராஜ் ஒன்றுதான். இப்போது விஷயம் விளங்கியிருக்குமே?

ஐந்து கிழமைக்கு முன் கார்த்திக் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். கூடவே சுமதியும், யூனிஃபார்மோடு.

"அங்கிள், இது கோல்ட் ஏர் இன்டேக். குளிர்ந்த காத்தை இழுக்கும். எஞ்சினுக்கு பவர் ஏறும்."

"போன ஜனவரியில ரோட்டுத் தார் உருகினதே தம்பி, அப்ப குளிர்ந்த காத்தை எங்கயிருந்து இழுக்கும்?"

"ரிலேட்டிவா சொல்றேன் அங்கிள்."

ரிலேட்டிவா. எட்டாம் வகுப்பில் இந்தச் சொல் வரவில்லை. நல்ல சொல். எதையும் இதற்குள் ஒளித்து வைக்கலாம்.

இரண்டாவது பெட்டி, பின்பக்க எக்ஸாஸ்ட். சத்தம் கூடும், அதனால் பலம் கூடும் என்றார். சத்தத்துக்கும் பலத்துக்கும் என்ன தொடர்பு என்பதை நம் சங்கக் கூட்டங்களில் மைக் பிடிப்பவர்களைப் பார்த்தே நான் தெரிந்துவைத்திருக்கிறேன். மூன்றாவது, பெரிய த்ராட்டில் பாடி — அதாவது எஞ்சினுக்குப் பெரிய வாய். வாய் பெரிதானால் வேலை கூடுமாம்! நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் இலவசம். கார் வேகமாக ஓடுவது பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரால்தான்.

"எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம் அங்கிள். பழசைக் கழட்டி, புதுசை போல்ட் போட்டு முடுக்கினா போதும். வீடியோ பாத்தேன், ஒரு மணி நேரம்தான்."

"அப்ப நீங்களே பூட்டியிருக்கலாமே?"

அதற்குச் சுமதிதான் பதில் சொன்னார். "வீட்ல ஷெல்ஃப் மாட்டினதே இன்னும் சாய்வாத்தான் நிக்குது அங்கிள்." பிறகு கணவனைப் பார்த்தார். "நானும் ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கேன். இதைப் போட்டா வேற காரு, அதைப் போட்டா வேற காருன்னு. சரி, போடட்டும். டைனோல ஏத்துவோம். பதினஞ்சு கிலோவாட் கூடணும். கூடலைன்னா காரை வித்துடணும், என் காரு உள்ள வரும். அங்கிள், நீங்கதான் சாட்சி."

"டீல்," என்றார் கார்த்திக். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

டைனோ என்றால், காரை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சக்கரத்துக்கு எவ்வளவு பலம் வருகிறது என்று அளக்கிற இயந்திரம். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் நம்மவர்கள் அதிகம் அந்தப் பக்கம் போவதில்லை. சாமான் பூட்டும் முன்பு அளந்தோம் — இருநூற்று நாற்பத்தொரு கிலோவாட்.

மூன்றையும் நானே பூட்டினேன். ஒரு மணி நேரம் என்ற வீடியோக்காரருக்கு எக்ஸாஸ்ட் போல்ட் துருப்பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது போலிருக்கிறது. எனக்கு ஒரு பகல் போனது. வேலை முடிகிற நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதையும் செய்தேன். காற்றுக் குழாயை மூடும் முன்பு அதன் வாயில் ஒரு கிள்ளுத் திருநீறு. சின்னப் பிள்ளைக்கு நெற்றியில் பூசிவிட்டு நாக்கிலும் கொஞ்சம் வைப்போமே, அப்படி. முப்பது வருடமாக என் கையால் போன ஒரு கார் விடாமல் போட்டிருக்கிறேன். இந்தக் காருக்கு, பந்தயம் இருக்கிறதே என்று, இரண்டு கிள்ளு.

டைனோ வைத்திருக்கிற ஜோ காரை ஏற்றினான். எஞ்சின் அலறியது. சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. கார்த்திக் முகத்தில் ஒளி. திரையில் எண் வந்தது.

இருநூற்று முப்பத்துமூன்று.

கூடவில்லை. எட்டுக் குறைந்திருந்தது.

சுமதி சிரிக்கவில்லை. அவர் நல்ல பெண். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கார்த்திக் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது பி.ஆர். — இங்கயே நிரந்தரமா இருக்கலாம்னு லெட்டர் — வந்த வாரம் வாங்கின காரு அங்கிள். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம், சூட்கேஸ்ல அடங்காத எதையும் வாங்கல. எப்ப வேணா கிளம்பச் சொல்லுவாங்கன்னு கட்டில்கூட வாங்கல. மெத்தை மட்டும்தான்."

எனக்கும் மனதில் ஒன்று இடித்தது. ஆனால் நான் நினைத்தது சரியாகப் போயிருந்ததே! சரியாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு, பக்கத்தில் நிற்பவரின் முகம் அந்த நேரத்தில் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்தேன், பேனாவை எடுத்தேன். 'காசைப் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள்' என்று அந்தப் பத்தியை எழுதினேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

காரை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் கார் கம்பனியில் இருந்து வந்தபடியே வேண்டுமாம். அதனால் பழைய சாமானைத் திரும்பப் பூட்டித் தரச்சொல்லிச் செவ்வாய்க்கிழமை கார் என்னிடம் வந்தது.

முதலில் காற்றுக் குழாயைக் கழற்றினேன்.

அந்தக் குழாய்க்குள் ஒரு சென்சர் இருக்கிறது. தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பித்தான் பெட்ரோல் ஊற்றும். அந்தக் கம்பியில் சாம்பல் நிறத்தில் ஒரு களி அப்பியிருந்தது.

விரலால் தொட்டு முகர்ந்தேன். அந்த வாசம் எனக்குத் தெரியாதா?

முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். நானும் கதிரையில் இருந்து அதையேதான் கேட்டேன். பழைய ஃபில்டர் காய்ந்த கடதாசி, திருநீறு பறந்து போய்விடும். இன்டேக்கோடு வந்த இந்தப் புதிய ஃபில்டருக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். எண்ணெயும் திருநீறும் சேர்ந்து கம்பியில் ஒட்டிக்கொண்டன. காற்று நிறைய வருகிறது, கம்பி 'கொஞ்சம்தான் வருகிறது' என்கிறது. எஞ்சின் பாவம், பத்தியச் சாப்பாட்டில் பந்தயம் ஓடியிருக்கிறது.

அதைக் கழுவ ஒரு ஸ்பிரே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. கழுவிவிட்டுப் பழைய சாமானைப் பூட்டிவிட்டால் கதை முடிந்தது. யாருக்குத் தெரியும்? ஸ்பிரேயைக் கையிலும் எடுத்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், மூடியையும் திறந்துவிட்டேன்.

'பழைய சாமான் பூட்டப்பட்டது' என்று சர்வீஸ் புத்தகத்தில் முதலில் எழுதி வைப்போம் என்று டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். புத்தகத்தின் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நாலாக மடித்த ஒரு கடதாசி. அவருடைய பி.ஆர். கடிதம். இந்தக் காலத்தில் அது ஈமெயிலில் வருகிறது, யாரும் அச்சடிக்கத் தேவையில்லை. அச்சடித்து, உறை போட்டு, காருக்குள் வைத்திருக்கிறார்.

என்னுடையது தபாலில் வந்தது. அதுவும் உறைக்குள்தான் இருக்கிறது. எங்கே என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

சுமதிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, சனிக்கிழமை வாற அந்த ஆளைக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லேலுமே?"

"ஏன் அங்கிள்? பார்ட்ஸ் கழட்டியாச்சா?"

"ஒண்டு கழட்டினனான். உள்ள திருநீறு கிடந்தது."

"எதுக்குள்ள?"

"எஞ்சினுக்குக் காத்துப் போற குழாய்க்குள்ள."

"அங்க எப்படி அங்கிள் திருநீறு போகும்?"

"…நான்தான் போட்டனான்."

தூரத்தில் ஆஸ்பத்திரி மிஷின் ஒன்று 'பீப்… பீப்…' என்றது.

"அங்கிள், நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லுங்க. பேஷண்ட் மூக்குக்குள்ள திருநீறை அடைச்சுட்டு, இவரால மூச்சுவிட முடியலைன்னு நீங்களே சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கீங்க."

"…ஓம்."

"அப்புறம் அதைப் பேப்பர்லயும் எழுதிட்டீங்க."

"ஓம் பிள்ளை."

"சனிக்கிழமை எட்டு மணிக்கு டைனோ புக் பண்ணுங்க. நான் வர்றேன்."

வீட்டிலும் சொன்னேன். என் மனுசி கோபிக்கவில்லை. "போன வருசம் கார் இழுக்குதில்லை எண்டு ரெண்டு பேர் திரும்பி வந்தவை. நீங்கள் பெட்ரோல் சரியில்லை எண்டு அனுப்பினனீங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அந்த இருவரும் இதை வாசித்தால் தயவுசெய்து வாருங்கள். ஸ்பிரே இருக்கிறது.

சனிக்கிழமை. கம்பியைக் கழுவி, ஃபில்டரையும் கழுவிக் காயவைத்து எண்ணெய் போட்டுப் பூட்டியிருந்தேன். ஜோ காரை உருளையில் ஏற்றினான். கார்த்திக் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் அலறியது — இந்த முறை உள்ளே இருந்து அலறியது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எண் வந்தது.

இருநூற்று ஐம்பத்துமூன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு. பதினைந்துக்கு இன்னும் மூன்று வேண்டும்.

சுமதி கைப்பையில் இருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார், நோயாளியின் தொண்டையைப் பார்க்கிற டார்ச். பொனட்டுக்குள் குனிந்து குழாயைச் சுற்றி வெளிச்சம் அடித்தார்.

"மூணு குறையுது. இன்னும் ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா அங்கிள்? சந்தனம், குங்குமம்?"

"இல்லைப் பிள்ளை."

"சரி. நீங்கதானே சாட்சி. சொல்லுங்க… பார்ட்ஸ் வேலை செஞ்சுதா, இல்லையா?"

மூன்று வாரத்துக்கு முன் இதே பத்தியில் எண்ணூறு சொல்லில் 'இல்லை' என்று எழுதியவன் நான். இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். ஒன்றின் வாயை நாமே அடைத்துவிட்டு, இது உதவாது என்று தீர்ப்பும் நாமே சொல்கிறோம். கார் என்றபடியால் கழற்றிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் நான் வழங்கிய தீர்ப்புகளை யார் கழற்றிப் பார்ப்பது?

"செய்தது," என்றேன்.

"கேக்கல அங்கிள்."

"வேலை செய்தது பிள்ளை."

"இங்க மூணு பேருக்குத்தான் கேட்டுது. 'இல்லை'ன்னு நீங்க சொன்னது ஊருக்கே கேட்டுச்சே. எந்த இடத்துல அப்படி எழுதினீங்களோ, அதே இடத்துல இதையும் எழுதணும். எழுதினா அந்த மூணை நான் விட்டுடறேன், காரு இருக்கட்டும். ஆனா குளிர்காலம் முடியற வரைக்கும் கராஜ் எனக்கு."

பத்து மணிக்கு வர இருந்தவருக்குச் சுமதியே போன் செய்து வேண்டாம் என்றார். திரும்பிப் போகும்போது கத்தரிக்காய்க் காரை அவர்தான் ஓட்டினார். கார்த்திக் பக்கத்தில், சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. தெரு முனையில் அந்த எக்ஸாஸ்ட் போட்ட சத்தம் பன்னிரண்டு கிலோவாட் சத்தம் இல்லை… குறைந்தது நாற்பது.

சுமதி பிள்ளை, எழுதிவிட்டேன். கேட்டதா?