எங்கள் வீட்டு ராணுவ அதிகாரி

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கல்யாணம் காட்சி பாக்காமலே போயிட்டாளே" என்றுதான் அழுதார்கள். அவர்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தெட்டு வயதுக்குள் அக்கா பார்த்தது எவ்வளவோ இருக்க, பார்க்காத ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்களும் முழுவதும் படித்துவிட வேண்டும்.

வீட்டில் அக்காவை நான் வா, போ என்றுதான் பேசுவேன். அச்சில் 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அவர் உழைத்து வாங்கினார்.

தலைப்பிரசவம் என்பதால் அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான திருநெல்வேலியில். மூன்றாம் மாதமே புனேவுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குக் கோர்படியில் ஒரு ராணுவ அலுவலகத்தில் கிளார்க் வேலை. சாங்வியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கல்லூரியில் அக்கா என்.சி.சி.யில் சேர விரும்பியபோது, சர்டிபிகேட் இருந்தால் பேங்க் வேலைக்கு உதவும் என்று அப்பாவே கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தை அம்மா பல வருடம் சொல்லிக் காட்டினார்.

படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேரப் போவதாக அக்கா அறிவித்தார். வீடு இரண்டுபட்டது. அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா நிறுத்தவில்லை.

"பொம்பளப் பிள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு அலைஞ்சா எவன் வந்து கட்டுவான்?"

"அப்ப அவன் வேண்டாம்மா" என்றார் அக்கா.

விடியற்காலையில் ஓடப் போகக் கூடாது என்று அம்மா அவருடைய ஷூவை எடுத்துப் பரணில் போட்டார். கீழ் வீட்டில் இருக்கும் மராத்திக்கார அம்மாளை நாங்கள் காகூ என்போம். அக்கா வேறொரு ஷூ வாங்கி அவர் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டார்.

தேர்வுக் குழுவின் நேர்காணலில் அக்கா இரண்டு முறை தோற்றுத் திரும்பினார். சொந்தத்தில் சிலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்தப் பணியில் மணமாகாதவர்களை மட்டுமே சேர்ப்பார்கள் என்று தெரிந்துகொண்ட அம்மா, இதுதான் சமயம் என்று அவசரமாக வரன் பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து அத்தை கொண்டுவந்த சம்பந்தம், பிம்ப்ரியில் இன்ஜினீயர். பெண் பார்க்க வந்த அன்று அக்கா பட்டுச்சேலை உடுத்தி, பூ வைத்து, காபியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் மூன்றாவது நேர்காணல் இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமே சொன்னார். அவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அத்தை இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை.

மூன்றாவது முறை அக்கா தேர்வானார். சென்னையில் பயிற்சி முடிந்த நாளில் பெற்றவர்கள்தான் பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைப் பொருத்த வேண்டும். தாம்பரத்தில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பா போனார். அந்த நட்சத்திரத்தைக் கண்டால் முப்பது வருடம் நாற்காலியை விட்டு எழுந்தவர், தன் கையால் அதை மகளின் தோளில் வைத்தார். அம்மா போகவில்லை. யூனிஃபார்மோடு இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். விடுப்பில் வரும்போதெல்லாம் அக்கா காகூ வீட்டில் சுடிதார் மாற்றிக்கொண்டுதான் மாடிக்கு வந்தார். அம்மா கடைசிவரை அவரைச் சீருடையில் பார்க்கவே இல்லை.

போன வருடம், அக்கா பணியில் இருந்த வடகிழக்கு மலைப் பாதையில் மண்சரிவு. வண்டியோடு புதைந்த வீரர்களில் நான்கு பேரை அக்காவும் அவர் படையினரும் வெளியே எடுத்தார்கள். ஐந்தாமவருக்காக அக்கா மறுபடி இறங்கியபோது இரண்டாவது சரிவு வந்தது. சண்டையே நடக்கவில்லையே, மண் விழுந்துதானே போனாள் என்று ஒரு உறவினர் என் காதுபடச் சொன்னார். பிழைத்த நால்வரில் இருவர் திவசத்துக்கு வருகிறார்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காரக்கூடும். அக்கா வீரரா இல்லையா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தோளில் சுமந்து வந்த வீரர்களுக்கும், பத்து நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட காகூவுக்கும், அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தடுத்தவர்களுக்கும் ஒரு வரி நன்றி எழுதச் சொன்னார் அப்பா. என்னால் முடியாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நடந்த ஒன்றையும் சேர்க்கிறேன். மணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓலைப்பெட்டியில் புதுத்துணியும் வளையலும் வைத்துப் படைப்பார்கள். மறு வருடம் அந்தத் துணியை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்தக் கொடுப்பார்கள். சென்ற வெள்ளிக்கிழமை அத்தை ஊரிலிருந்து பெட்டியும் சிவப்புப் பட்டும் கொண்டுவந்தார். ஆசை நிறைவேறாமல் போனவளுக்குப் படைப்பதைப் போல என் அக்காவுக்குப் படைக்க விடமாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். அத்தை அழுதார். அப்பா இரண்டு பேரையும் அதட்டினார்.

அம்மா உள்ளே போனார். ராணுவத்திலிருந்து வந்த அக்காவின் டிரங்குப் பெட்டியை ஒரு வருடமாக யாரும் திறக்கவில்லை. அதைத் திறந்து சீருடையை எடுத்தார். அதற்கு இஸ்திரி போட்டார். கைக்குக் கை வைத்து மடித்து ஓலைப்பெட்டியில் வைத்துவிட்டு, பட்டை அத்தையிடமே கொடுத்தார்.

அத்தை திகைத்துப்போனார். "அடுத்த வருசம் இத யாருக்கு மைனி உடுத்தக் குடுப்பிய?"

அம்மா பெட்டியை மூடினார்.

"இது குடுத்து உடுத்துத துணி இல்ல. வேணுங்கிறவ ஓடி, பரிச்ச எழுதி, அவளே வாங்கிக்கிடட்டும். நான் இனி குறுக்க நிக்க மாட்டேன்."