ஒரு கண்ணை மூடிய டிராக்டர்காரர்

பழைய வேக்போர்ட் படகொன்றை வாங்கிவிட்டேன். பின்னால் கயிறு பிடித்து, பலகையில் நின்றபடி வாவியில் பறக்கலாம். கல்லடியில் எங்கள் வீட்டுக் கராஜின் உள்ளே கூரை உயரம், வாசல்தான் தாழ்வு. படகின் மேலே கயிறு கட்டும் இரும்பு வளைவு அதில் இரண்டு விரலளவு இடித்தது.

"உள்ளுக்க போகாட்டி வந்த வழியே அனுப்பு," என்றார் அப்பா.

படகை ட்ரெயிலரில் ஏற்றி இழுத்துவந்த டிராக்டர்காரர் ஈர்க்குப் போல மெலிந்தவர். எதையும் ஒரு கண்ணை மூடித்தான் அளப்பார். வாசலை அப்படி அளந்துவிட்டு, வேடிக்கை பார்த்த சனத்தைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் படகுக்குள்ள ஏறுங்க. பாரத்துக்கு ட்ரெயிலர் ஸ்பிரிங் பதியும்."

ஒன்பது பேர் ஏறினார்கள். அவர் அடுத்ததாக அப்பாவை அளந்தார்.

"காணாது ஐயா. நீங்களும் ஏறினாத்தான் சரிவரும்."

"எனக்கென்ன விசரா?"

"அடுத்த வீட்டு ரீச்சரே ஏறி இருக்கா, உங்களுக்கென்ன?"

அப்பா சாரத்தை மடித்துக் கட்டி ஏறி, நேரே ஸ்டியரிங்குக்கு முன்னால் அமர்ந்தார். எல்லாரும் தலை குனிய, டிராக்டர் பின்னுக்குத் தள்ள, படகு உள்ளே போனது. கடைசியாக இறங்கியவரும் அப்பாதான்.

"எப்ப வாவியில இறக்கிற?" என்று மெதுவாகக் கேட்டார்.

டிராக்டர்காரரை அதன்பின் நான் காணவில்லை. அப்பாவின் பாரம் உண்மையிலேயே தேவைப்பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.